இடது கார்னர்

அவளை நான் முதலில் பார்த்தது விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில். திட்டக்குடி பஸ் நகர ஆரம்பித்த பிறகு ஒருவர் ஓடிப்போய்ப் படியில் கால் வைத்தார். கால் நிற்கவில்லை. பின்சக்கரத்துப் பக்கமாக அவர் சரிந்தபோது எங்கிருந்தோ ஒரு பெண் குனிந்தபடி வந்து, அவர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து, அவரையும் இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் போய்விட்டது. அவள் பிடியை விடவில்லை.

"வுடும்மா. பஸ்ஸுதான் போயிடுச்சே."

"இருங்க."

"சட்டையக் கிழிச்சிட்ட. வுடு, எல்லாரும் பாக்குறாங்க."

பஸ் வளைந்து ரோட்டுக்குப் போகும்வரை பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்து, "ஒங்களுக்கு எடது காலு பலம் கம்மி. அடுத்த பஸ்ஸுல வலது கால வெச்சி ஏறுங்க" என்றாள். அவர் திட்டிக்கொண்டே நடந்தார். அவள் சுடிதாரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, லேசாகச் சாய்ந்து சாய்ந்து கூட்டத்துக்குள் போனாள். நான் டீக் கிளாஸை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

எனக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றுவேன். என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். காய்ந்த பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டி ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலை அவளுக்கு. ஒரு நாள் காலையில் துடைத்துக்கொண்டிருந்த பொம்மையோடு பெஞ்சிலிருந்து சரிந்தாள். இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கையும் காலும் அப்படியே இருந்தன. யாரோ சொன்னார்கள், ஜங்ஷன் ரோட்டில் கபடி டாக்டர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போ என்று. ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினேன். வாசலுக்கு வந்து எங்கள் கால்களைப் பார்த்தது அந்தப் பெண்தான்.

"டாக்டர்லாம் இல்லண்ணே. பிசியோ. அக்காவ எறக்குங்க, நான் புடிச்சிக்கறேன்."

அவளுக்கு முப்பதை ஒட்டிய வயது இருக்கும். உயரம் இல்லை. தோளும் கையும் ஆம்பிளைத்தனமாக இறுகியிருக்கும். கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரி. பள்ளிக்கூடத்திலிருந்தே கபடி ஆடியவள். இடது ஓரத்தில் நின்று, எதிர் அணியிலிருந்து பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடிப்பது அவள் வேலை. அந்த இடத்துக்கு இடது கார்னர் என்று பெயராம். விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கிய சீட்டில்தான் பிசியோ படித்தாள். படிப்பு மாறினாலும் நிற்கிற விதம் மாறவில்லை. யார் உள்ளே வந்தாலும் முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கையை விரித்து, அவர் காலைப் பார்த்தபடி எதிரே நிற்பாள். முகம் அவளுக்கு மெதுவாகத்தான் பழகும். மூன்று வாரம் போன பிறகும் என்னைக் கடைத்தெருவில் அடையாளம் தெரியாமல் கடந்து போனாள். பிறகு திரும்பிவந்து, "நடையப் பாத்துதாண்ணே கண்டுபுடிச்சேன்" என்றாள்.

"வலிக்குதா" என்று கேட்க மாட்டாள். "எங்க புடிக்குது" என்று கேட்பாள். சரியாகிவிடும் என்ற சொல்லை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. அவள் சொன்னதெல்லாம் "இன்னொரு வாட்டி" என்பதுதான். முடிந்தது என்று நாம் நினைக்கும்போது இன்னொரு வாட்டி. அழுதால் அழுது முடிக்கும்வரை காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, இன்னொரு வாட்டி.

அந்த அறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கபடியில் அவுட்டானவர்கள் கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்காருவார்கள். எதிர் அணியில் ஒரு ஆள் அவுட்டானால், இவர்களில் முதலில் வெளியே போனவர் முதலில் உள்ளே வரலாம். அவள் அறையிலும் அப்படித்தான். சுவரோரமாக ஒரு நீள பெஞ்சு. அதில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் எல்லோரும் அவுட். தரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பாள். கம்பெனியில் உடைந்த பிளாஸ்டர் அச்சுத் துண்டு சாக்பீஸ் மாதிரி எழுதும் என்று நான்தான் பையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே இருப்பவர் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டு, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு வர வேண்டும். வந்தால்தான் பெஞ்சில் முதல் ஆள் எழலாம். அவர் வரும்வரை யாருக்கும் முறை கிடையாது.

அதனால் அந்த ஊரில் வேறெங்கும் கேட்காத சத்தம் அங்கே கேட்கும். கை வராதவரும் கால் வராதவரும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவரை அதட்டுவார்கள்.

"பெருசு, கோட்டத் தொட்டுட்டு வாயேன். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

"நீ வந்து தொடு பாக்கலாம்."

"என்னிய எங்க உள்ள வுடுறாங்க. நீ வந்தாத்தான நான் வர்றது."

கோட்டைத் தொடுவது பெரிய காரியம் இல்லை என்பாள். "நேரா போறது யாருக்கும் வந்துடும். திரும்பும்போதுதான் மாட்டுவாங்க. நாங்க காத்துக்கிட்டு இருக்கிறதே பாடி வர்றவ திரும்புறதுக்குத்தான்." பக்கவாதக்காரர்கள் விழுவதும் திரும்பும்போதுதான். இதை அவள் கல்லூரியில் படித்தாளா, மைதானத்தில் படித்தாளா என்று தெரியாது. யார் திரும்பினாலும் அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி அவள் கை தயாராக இருக்கும்.

மங்கலம்பேட்டை பாய் ஒருவர் எங்களோடு வந்துகொண்டிருந்தார். சவூதியில் சாரத்திலிருந்து விழுந்து, முதுகு போய், ஊருக்கு அனுப்பப்பட்டவர். ஒரு மாதம் வந்தார். பிறகு நின்றுவிட்டார். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இவள் உள்ளே போயிருக்கிறாள். பாய் இவளைப் பார்த்ததும், சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு நழுவப் பார்த்திருக்கிறார். இவள் ஓடிப்போய் நடைவாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது, வாரண்டு இல்லாம வூட்டுக்குள்ள வர்ற."

"தாண்டிப் போங்க பாய். போயிட்டா வுட்டுடறேன்."

"நானே அல்லா வுட்ட வழின்னு கெடக்கறேன். என்னிய வுட்டுடும்மா."

"தாண்டுங்க."

அவர் தாண்டப் பார்த்தார். வலப்பக்கம் போனார், அவள் அங்கே இருந்தாள். இடப்பக்கம் போனார், அங்கேயும் இருந்தாள். இப்படியே கொஞ்ச நேரம். கடைசியில் மூச்சு வாங்கி நாற்காலியில் விழுந்தபோதுதான், சுவரைப் பிடிக்காமல் நடந்திருக்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. இதை அவர் பெஞ்சில் உட்கார்ந்து எங்களுக்கு நடித்துக் காட்டுவார். "பொண்ணா அது. செக்போஸ்டு." பிறகு கைத்தடியோடு தனியாக பஸ் ஏறி வரப் பழகிவிட்டார். வேலைக்குத்தான் யாரும் கூப்பிடவில்லை.

என் மனைவி பெரிதாக எதையும் கேட்கவில்லை. முதல் நாளே அவளிடம் சொன்னாள்: "நடந்து கடத்தெருவுக்குப் போவணும்னு இல்ல பாப்பா. கொல்லைக்கு நானே போயிட்டு வரணும். இந்த மனுசன் கூட வந்து நிக்கிறது எனக்கு என்னவோ மாதிரி இருக்குது."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொள்வாள், நான் சுவரைப் பார்ப்பேன். இத்தனை வருஷம் சேர்ந்து இருந்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கட்டிலிலிருந்து சமையல்கட்டுக் கதவு வரை நடந்தாள். அங்கே வலது பக்கம் திரும்பி, கொல்லைக் கதவு வரை போனாள். திரும்பிவந்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். மறுநாள் அவள் அறைத் தரையில் எங்கள் வீடு இருந்தது. அச்சுத் துண்டால் கட்டில், கதவு, திருப்பம், வாசல்படி எல்லாம் அளவாகப் போட்டிருந்தாள்.

"வாடக இல்லாத வூடு" என்றாள் என் மனைவி. பெஞ்சே சிரித்தது.

அந்த வீட்டில் அவள் தினமும் நடந்தாள். கதவு வரை வந்துவிடுவாள். திருப்பத்தில் இடது கால் தரையை விட்டு எழாது. பாதம் கோட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, உடம்பு மட்டும் திரும்பும். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அந்தக் கணுக்காலைப் பிடித்துத் தூக்கி வைப்பாள். வாழ்க்கை முழுக்க ஓடுகிற காலை ஓடவிடாமல் பிடித்தவள், ஓடாத காலைப் பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தாள்.

தரையில் உட்காரும்போதெல்லாம் அவள் தன் வலது காலை மடக்காமல் நீட்டித்தான் உட்காருவாள். ஒரு நாள் மனைவி கேட்டுவிட்டாள்.

"ஒன் காலு என்ன ஆச்சி பாப்பா?"

"ரயில்வேல ஆள் எடுத்தாங்கக்கா. கபடிக்கு. செலக்சன் மேட்ச்ல ஒருத்தியப் புடிச்சேன். அவ திருகுனா. முட்டிக்குள்ள என்னமோ அறுந்துச்சி."

"வுட்டிருக்கலாம் இல்ல?"

"வுட்டா பாயிண்ட்டு போயிடுமேக்கா."

"அப்புறம்?"

"இழுத்துக்கிட்டே போனா. நான் வுடல. அப்பவே வுட்டிருந்தா முட்டி தப்பிச்சிருக்கும்னு அப்புறமா ஆபரேசன் பண்ணவங்க சொன்னாங்க."

"பாயிண்ட்டு கெடச்சிதா?"

"கெடச்சிது. மேட்ச்சும் ஜெயிச்சோம்."

"வேல?"

"அவளுக்குக் கெடச்சிது."

என் மனைவி சிரித்தாள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "இன்னொரு வாட்டி" என்றாள்.

அவள் பிடியில் என்ன தப்பு என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஏதோ ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மழைக்காலம் வந்தது. மனைவி இளைத்துக்கொண்டே போனாள். ஆட்டோவில் வரும்போதே கண்ணை மூடிக்கொள்வாள். திருப்பத்தில் கால் ஒட்டிக்கொண்டதும், "வுட்டுடு பாப்பா. இது வராது" என்பாள். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். பெஞ்சில் இருந்தவர்களும் இப்போது அதட்டுவதை நிறுத்திவிட்டார்கள். தங்கள் முறை தள்ளிப்போகிறது என்று யாரும் முணுமுணுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முணுமுணுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கபடி ஆட்டத்தில் மூச்சு விட்டால் அவுட். சீக்கிரம் தெரிந்துவிடும். தோற்றாலும் ஒரு விசிலோடு எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். இங்கே விசில் அடிக்க யாரும் இல்லை. படித்தவர்கள் யாராவது அவளிடம் இதைச் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. நான் வாசல் ஓரத்தில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

மார்கழியில் ஒரு நாள் அது நடந்தது. மனைவி கதவுக் கோடு வரை வந்தாள். திரும்பினாள். அன்று பாதம் எழுந்தது. நான் பார்த்தேன், உண்மையிலேயே எழுந்தது. அந்தப் பெண் "ஆங்" என்றாள். எழுந்த பாதம் பக்கவாட்டில் மடிந்து இறங்கியது. என் மனைவி மொத்தமாகச் சாய்ந்தாள். அந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்து எம்பி, அவள் இடுப்பைப் பிடித்து, தன் மேல் வாங்கிக்கொண்டு மல்லாந்தாள். அடியில் கிடந்த அந்தப் பெண்ணின் வலது முட்டி உள்பக்கமாக மடங்கியது.

நான் ஓடினேன். இருவரையும் சேர்த்துத் தூக்க என்னால் முடியவில்லை. மனைவியை மட்டும் இழுக்கலாம் என்றால் அந்தப் பெண்ணின் கைகள் அவள் இடுப்பைச் சுற்றிக் கோத்திருந்தன. பெஞ்சில் ஒரு வரிசை ஆட்கள். ஒருவராலும் எழுந்து வந்து தூக்க முடியாது. எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே பதைத்தார்கள். பாய்தான் தடியால் ஜன்னல் கம்பியை அடித்து ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டார். ஆட்டோக்காரர்கள் வந்தார்கள்.

"கைய எடும்மா" என்றார் ஒருவர்.

"அக்கா தலைய மொதல்ல புடிங்க." அவள் முகமெல்லாம் வேர்த்திருந்தது. "புடிச்சிட்டீங்களா?"

"புடிச்சாச்சி."

அப்புறம்தான் எடுத்தாள்.

என் மனைவிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அறை பொங்கல் கழியும்வரை பூட்டிக் கிடந்தது. திறந்திருக்கிறது என்று பாய் போன் செய்து சொன்னார். கூட்டிக்கொண்டு போனேன். அவள் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு, தடி ஊன்றி நின்றிருந்தாள். மனைவியைப் பெஞ்சில் உட்காரவைத்ததும் என்னை வாசலுக்கு வரச் சொன்னாள். வெளியே வந்து ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போல என் பாதத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணே, அக்காவுக்கு காலு இதுக்கு மேல வராது."

நான் உள்ளே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு தீபாவளிக்கு முன்னாடியே தெரியும். படிச்சவளுக்கு தெரியாம இருக்குமா. எனக்கு வுட்டுப் பழக்கமில்லண்ணே."

"அன்னிக்கி தூக்குச்சே" என்றேன்.

"அது அவங்க தூக்கல. தசை துடிக்கிறது. நானும்தான் ஏமாந்தேன். அதான் கைய தள்ளி வெச்சிருந்தேன்."

ரோட்டில் களிமண் லாரி ஒன்று போனது. அது போய் முடிகிற வரை காத்திருந்தாள்.

"நீங்க சொல்லிடுங்க அவங்ககிட்ட. எத்தினியோ பேருக்கு நான் சொல்லியிருக்கேன். இவங்ககிட்ட முடியல. இன்னிக்கி ஒங்களுக்கு ஒண்ணு கத்துக் குடுக்கறேன். அத கத்துக்கிட்டீங்கன்னா போதும், இனிமே இவ்ளோ தூரம் அலய வேணாம்."

உள்ளே போனோம். மனைவியைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, என்னை எதிரே நிற்கச் சொன்னாள். என் முட்டிகளால் அவளுடைய இடது முட்டியை இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ள வேண்டும். கைகளை அவள் அக்குளுக்குக் கீழே விட்டு, முதுகுக்குப் பின்னால் இடுப்பில் கோக்க வேண்டும். அவள் நெஞ்சு என் நெஞ்சில் சாய வேண்டும். பெஞ்சு முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் நான் அவள் கையைக்கூடப் பிடித்து நடந்தவன் இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"முதுக வளைக்காதீங்கண்ணே, முட்டிய மடக்குங்க. இன்னும் கிட்ட போங்க. புடி தோள்ல இல்ல, இடுப்புல."

"என்னா பாப்பா, எங்கூட்டுக்காரருக்கு கபடி கத்துக் குடுக்கறியா?" என்றாள் மனைவி.

"ஆமாங்க்கா. புது ஆட்டம்."

"கண்ணாலத்தன்னிக்கிகூட மனுசன் இப்படிப் புடிக்கல."

பெஞ்சு சிரித்தது. பாய் தடியால் தரையைத் தட்டினார். மனைவி பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு என் சட்டைப் பையில் அதிர்ந்தது. இதுவும் ஒரு பயிற்சி, இதற்கு அடுத்தது நடப்பது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பும்போது அவங்களத் திருப்பாதீங்க. நீங்க திரும்புங்க. அவங்க கூட வருவாங்க."

திரும்பினேன். கூட வந்தாள்.

"இன்னொரு வாட்டி" என்றாள் அந்தப் பெண். சொல்லும்போது அவள் எங்கள் கால்களைப் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கோடையிலேயே அவள் அறையைக் காலி செய்தாள். அந்த முட்டியோடு தரையில் உட்கார்ந்து ஆட்களைத் தாங்க முடியாது. பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடி மெஷின் போட்டுவிடும் வேலை என்று பாய் சொன்னார். கரண்ட்டு கொடுக்கிற மெஷினாம். பட்டையைக் கட்டிவிட்டு ஸ்விட்சைத் தட்டினால் போதும், ஆளைத் தொட வேண்டியதே இல்லை என்றார். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. பார்த்து வர வேண்டும் என்று நினைத்ததோடு சரி. போய் என்ன பேசுவது.

தூக்கக் கற்றுக்கொண்ட அன்று வீட்டுக்கு வந்து நான் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தலை சீவிவிடச் சொன்னாள். பச்சைப் புடவையை எடுக்கச் சொன்னாள்.

"ஆட்டோவுக்கு சொல்லிட்டீங்களா?"

"இன்னிக்கி லீவு" என்றேன்.

அதற்கு அடுத்த நாளும் தலை சீவச் சொன்னாள். அன்றும் லீவு என்றேன். கம்பெனிக்குப் போய்விட்டேன். மத்தியானம் வந்து பார்த்தபோது புடவை கசங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் சீப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். நல்ல கையால் சீப்பை வாங்கித் தலையணைமேல் வைத்தாள்.

"அந்தப் பொண்ணு லீவு வுடாதே" என்றாள்.

நான் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வராதுன்னு சொல்லிடுச்சா?"

தலையாட்டினேன்.

"எப்ப சொல்லிச்சி?"

"அன்னிக்கே. வாசல்ல வெச்சி."

"நான் வுட்டுடு வுட்டுடுன்னு எத்தினி வாட்டி சொன்னேன். அப்பல்லாம் வுடல."

வெளியே பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். பிறகு நல்ல கையால் இடது கையை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். வலது கையை என் பக்கம் நீட்டினாள்.

"தூக்குங்க. கொல்லைக்குப் போவணும்."